பூஜ்யத்தில் ஓட்டுகிறவள்

மீன்கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, செம்மணல் மேடுகளின் மேல் மோட்டார் சைக்கிளில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போவது தேரிக்காட்டில் இப்போது யாருக்கும் பெருமை இல்லை. தபால்காரர் அப்படித்தான் போகிறார். கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகும் நர்ஸ் அப்படித்தான் போகிறார். எழுபது வயதுக்காரர் ஒருவர் உடன்குடியில் ஏறித் தூங்கிவிட்டு, சாத்தான்குளத்தில் வண்டி நின்றதும் விழித்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்பவர் ஒருவரும் இல்லை.

ஐந்தாறு பெருமழைகள் அடுத்தடுத்து அடித்துக்கொண்டு போன பிறகு, கடலோரச் சாலைகளை மறுபடி போடுவதை அரசு கைவிட்டது. சாலை இல்லாத ஊருக்கு என்ன வண்டி? மண்வண்டிதான். ஒரு காலத்தில் இதை டர்ட் பைக் என்பார்கள். வேலைவெட்டி இல்லாத பணக்காரப் பையன்கள் சேற்றில் விழுந்து புரண்டு, அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அதே வண்டி வீட்டுக்கு வீடு வந்து நின்றதற்குக் காரணம், அதன் இருக்கைக்கு அடியில் டிபன் பாக்ஸ் அளவில் பொருத்தியிருக்கும் நிழலோட்டி என்ற பெட்டி.

நிழலோட்டி உங்கள் கை, கால், இடுப்பு மூன்றையும் விநாடிக்கு ஆயிரம் முறை கவனிக்கிறது. கைப்பிடியை நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்கள், மிதிகட்டையில் எந்தக் காலை அதிகம் ஊன்றுகிறீர்கள் என்று பார்த்து, தேர்ந்த ஓட்டி ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்கிறது. நீங்கள் பாதி, அது பாதி. ஓட்டத்தில் பெட்டி செய்யும் அளவுக்குப் பங்கு என்று பெயர். பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஒரு குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் தொண்ணூறில் வைத்திருக்கிறார்கள். வெளியே கேட்டால் நாற்பது என்பார்கள். தொண்ணூறில் ஒரு தேங்காய் மூட்டையை உட்காரவைத்தாலும் அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் அந்தப் பெட்டி அறிவோடு பிறக்கவில்லை. அதற்குச் சொல்லிக்கொடுக்க மாநிலம் முழுக்கப் பதினொரு பேர் இருந்தார்கள். மூல ஓட்டிகள் என்று பெயர். மலைக்கு ஒருவர், களிமண்ணுக்கு ஒருவர், ஆற்றுப் படுகைக்கு ஒருவர். இவர்கள் வண்டியிலும் நிழலோட்டி உண்டு. ஆனால் பங்கு பூஜ்யத்தில் வைத்து முத்திரை இடப்பட்டிருக்கும். பெட்டி பார்க்கும், தொடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் உள்ள மண்ணோட்ட ஆய்வகம் இந்தப் பதினொரு பேரின் ஓட்டத்தையும் திரட்டி, பெட்டிகள் பின்பற்ற வேண்டிய புதிய நடை ஒன்றை உருவாக்கி, மாநிலத்தின் நான்கு லட்சம் வண்டிகளுக்கும் அனுப்பிவைக்கும்.

மணலுக்கு மூல ஓட்டி ஜெபக்கனி.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருபத்து மூன்று வயதிலிருந்து தேரியில் சுற்றுகிறவள். அவள் டீக்கடையைத் தாண்டிப் போனால், நம் வண்டிக்குள் இருப்பது இவள் கைதான் என்று புது ஆட்களுக்குக் காட்டுவார்கள். காட்டுவது அவளுக்கும் தெரியும். தெரியாததுபோல் போவாள். யாராவது மணல் சரியில்லை, காற்று சரியில்லை என்று முனகினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நகை போட்டுக்கொள்வதில்லை, வீட்டைப் பெரிதாகக் கட்டவில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து, 'நான் பூஜ்யத்துல ஓட்டுதவ' என்ற ஒரு வரி.

அந்த வரி பொய். அது பொய் என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அவளுடைய மெக்கானிக் சுயம்பு.

சுயம்புவுக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருடமாக அவள் வண்டிக்கு அவர்தான் காப்பாளர். தேரியின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. மணல் வண்டிக்குச் செயினில் எண்ணெய் போடக் கூடாது, மணல் ஒட்டிக்கொண்டு பல்லைத் தின்றுவிடும், உலர்ந்த மெழுகுதான் தடவ வேண்டும் என்பது போன்ற நூறு விஷயங்கள் அவர் கைக்குத் தெரியும். சக்கரக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வார்.

நல்ல மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் வண்டியில் என்னவோ ஒரு மாதிரி இருக்கிறது என்பார். என்ன மாதிரி என்று அவருக்கே சொல்லத் தெரியாது. மெக்கானிக் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவார், முன் ஃபோர்க்கை ஒரு சுற்று இளக்குவார், இப்போது ஓட்டிப் பாருங்கள் என்பார். என்ன செய்தார் என்று சொல்லவும் மாட்டார். ஓட்டுகிறவர் கேட்காமலே அவர் உடம்புக்குத் தகுந்தபடி வண்டியை மாற்றிவைப்பதைத்தான் இந்தத் தொழிலில் கைராசி என்கிறோம். சுயம்புவின் பாவம் இந்தக் கைராசியில் ஆரம்பித்தது.

ஏழு வருடத்துக்கு முன், ஆடிக் காற்றில் ஜெபக்கனி விழுந்தாள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாதம் கட்டு. கட்டைப் பிரித்துத் திரும்பி வந்தவள் எல்லா இடத்திலும் பழையபடி ஓட்டினாள், ஒரே ஒரு இடத்தைத் தவிர. மேடு ஏறிக்கொண்டே வலப்பக்கம் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரைத் தயங்காமல் முறுக்க வேண்டும். தயங்கினால் முன்சக்கரம் மணலில் இறங்கிவிடும். அவள் கை தயங்கியது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் தேரிமணல் அந்த நேரத்தைக்கூட மன்னிக்காது.

முத்திரை இட்ட பெட்டியைப் பரிசோதனைக்காகத் திறக்கும் சேவைச் சாவி ஒவ்வொரு காப்பாளரிடமும் இருந்தது. பரிசோதனையை முறைப்படி முடிக்காமல் மூடியை மூடினால், உள்ளே வைத்த பங்கு அப்படியே நிற்கும், முகப்பில் மட்டும் பூஜ்யம் என்று காட்டும். ஆய்வகத்துக்குத் தெரியாத இந்த ஓட்டை மெக்கானிக்குகளுக்குத் தெரியும். ஒரு நாள் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது சுயம்பு எட்டு என்று வைத்தார். இரண்டு வாரத்துக்குத்தான். கை தேறும்வரை ஒரு கைத்தாங்கல், அவ்வளவே என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

அன்று மாலை அவள் மேட்டைச் சுற்றிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. "கை திரும்பி வந்துட்டு அண்ணாச்சி," என்றாள்.

இதைக் கேட்ட பிறகு எந்த மனிதன் மூடியைத் திறந்து எட்டைப் பூஜ்யமாக்குவான்? சுயம்பு ஒரு முறை ஆக்கிப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து. அன்றே அவள் ஒரு சின்ன மேட்டில் விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டகைக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன், எனக்கு வயதாகிவிட்டது என்று அழுதாள். மறுநாள் மதியம் அவர் பன்னிரண்டு என்று வைத்தார். பெட்டி தாங்கத் தாங்க அவள் உடம்பு அறியாமல் சாய்ந்துகொண்டது. சாயச் சாய அவர் ஏற்றினார். பதினைந்து, இருபது, இருபத்தாறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். தினமும் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் சுயம்பு யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. நிழலோட்டி ஜெபக்கனியைப் பார்த்துக் கற்றது. இப்போது ஜெபக்கனியின் ஓட்டத்தில் ஒரு பகுதி நிழலோட்டியுடையது. ஆக, பெட்டி தன்னையே பார்த்துத் தானே கற்றுக்கொண்டது. ஜெராக்ஸ் எடுத்த தாளையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு மயிரிழை ஒவ்வொரு தாளிலும் தடித்துக்கொண்டே போகும். அவள் மணிக்கட்டின் தயக்கம் அந்த மயிரிழை. ஏழு வருடம், பதினான்கு நடைகள். ஒவ்வொரு நடையும் அந்தத் தயக்கத்தையும் திறமையின் ஒரு பகுதி என்று எண்ணிப் பத்திரமாக அடுத்ததற்குக் கொடுத்தது.

கடைசி ஆறு மாதத்தில் மணல் பகுதிகளில் பத்தொன்பது பேர் விழுந்தார்கள். எல்லோரும் வலப்பக்க ஏற்றத்தில். அமுதவல்லி என்ற நர்ஸுக்குத் தொடை எலும்பு முறிந்தது. சுயம்பு ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலில் நின்றார். உள்ளே அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம், வண்டி மேல் தப்பில்லை, நான்தான் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஆப்பிளை வாசலில் இருந்த ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். பேர் கேட்டதற்குச் சொல்லவில்லை.

பிறகு ஆய்வகத்திலிருந்து நிலோபர் வந்தார். முப்பது வயதுப் பொறியாளர். யாரையும் சந்தேகிக்கத் தெரியாத முகம், அதுதான் சுயம்புவுக்குப் பயமாக இருந்தது.

"சார், நாலு லட்சம் வண்டிக்கும் வலது மணிக்கட்டு வலிக்குது," என்றார் நிலோபர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சுயம்பு சிரிக்கவில்லை.

பெட்டி கற்கும் கணக்கில் எங்கோ தப்பு நேர்ந்திருக்கிறது என்பது நிலோபரின் முடிவு. ஓட்டியின் மேல் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை. அதனால் பழைய பதிவு எதையும் தொடாமல், புத்தம்புதிதாக ஒரே ஒரு சுத்தமான பதிவு எடுக்கத் திட்டமிட்டார். பெட்டியே இல்லாத மொட்டை வண்டி. ஜெபக்கனியின் உடம்பில் உணரிகள் தைத்த சட்டை. இடம், கொப்பறை மேடு.

கொப்பறை மேடு தேரியிலேயே உயரமானது. அடியிலிருந்து உச்சி வரை வலப்பக்கமாகவே சுழன்று ஏறும். இடப்பக்கம் நாற்பதடிப் பள்ளம், பள்ளத்தில் உடைமரமும் பாறையும். ஜெபக்கனி அதில் ஏறும் வேகம் சுயம்புவுக்குத் தெரியும். பாதி ஏற்றத்தில் அவள் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவாள். தன் கையை நம்பித் தொடுவாள். அன்றைய நிலையில் பெட்டியின் பங்கு முப்பத்தொன்று. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அவளுக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஆய்வகம் எதுவும் தேவையில்லை.

ஜெபக்கனிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியே இல்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன், அப்போதாவது ஊருக்குத் தெரியட்டும் என்றாள். இன்னும் மூன்று நாள் இருந்தது.

முதல் நாள் சொல்லிவிடுவது என்று சுயம்பு கொட்டகைக்குப் போனார். அவள் அச்சு பேரிங்கில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில், ஏழு வருடத்துக்கு முன் கை போயிற்று என்று நினைத்தேன், நீங்கள்தான் அண்ணாச்சி பொறுமையாக வண்டியைச் சரிசெய்து தந்து என்னைத் தேற்றினீர்கள், அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது என்றாள். அவர் செயினின் தளர்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாம் நாள் அவர் இன்னும் கீழே இறங்கினார். அவள் வருவதற்கு முன், முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை ஸ்குரூடிரைவர் முனையால் கீறிவிட்டார். எண்ணெய் கசிந்தால் ஓட்டத்தைத் தள்ளிவைப்பார்கள், தள்ளிவைத்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு நப்பாசை. ஜெபக்கனி வந்தாள், கசிவைப் பார்த்தாள், அலமாரியிலிருந்து புது வளையத்தை எடுத்தாள். அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஃபோர்க்கைப் பிரித்து, வளையம் சாயாமல் நாலு பக்கமும் தட்டி இறக்கி, எண்ணெய் நிரப்பி முடித்தாள்.

பழைய வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கீறல் கெடக்கு அண்ணாச்சி. நீங்க பாக்கலியா? கண்ணாடிய மாத்துங்க," என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. அவருக்கு உண்மையிலேயே கண் தெரியாமல் போய்விட்டால்கூட நல்லது என்று அந்த நிமிடம் தோன்றியது. மூன்றாம் நாள் நிலோபரைப் போனில் அழைத்தார். மணி அடிக்க ஆரம்பித்ததும் தானே வைத்துவிட்டார்.

ஓட்ட நாள். காலை பத்து மணி. காற்று அடங்கியிருந்தது. கொப்பறை மேட்டின் அடியில் நிலோபரும் ஆய்வகத்தின் இரண்டு உதவியாளர்களும் குடை பிடித்து நின்றார்கள். நிலோபர் விதியைப் படித்துக் காட்டினார். ஓட்டி இருக்கையில் உட்கார்ந்த கணம் பதிவு தொடங்கும், உச்சியில் இறங்கிய கணம் முடியும். இடையில் விழுந்தால் அந்த விழுதலை எப்படிச் செய்யக் கூடாது என்பதற்குப் பாடமாக எடுத்துக்கொள்வோம். மற்றது எல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு.

ஜெபக்கனி உட்கார்ந்தாள். நிலோபரின் கையிலிருந்த பலகையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு முறை மேட்டை அண்ணாந்து பார்த்தாள். சுயம்பு மணலில் நடந்து போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அப்படி நடந்து போவதாக அவர் தீர்மானிக்கவே இல்லை. கால் போய்விட்டது.

"ஜெபா, எறங்கு."

"என்ன அண்ணாச்சி, காத்து கொறவாத்தான இருக்கு?"

"நீ பூஜ்யத்துல ஓட்டல தங்கச்சி. ஏழு வருசமா ஓட்டல. நான்தான் பெட்டியத் தொறந்து பங்கு வச்சேன்."

அவளுக்கு விளங்கவில்லை. வேறு யாரிடமோ சொன்னதுபோல நிலோபரைத் திரும்பிப் பார்த்தாள். நிலோபர் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜெபக்கனிக்கு விளங்கியது.

"எத்தன?" என்று கேட்டாள்.

"மொதல்ல எட்டுதான் வச்சேன். உன் கை..."

"இப்ப எத்தனன்னு கேக்கேன்."

"முப்பத்தொண்ணு."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு விலகி நின்றார். அவள் இறங்கவில்லை. திட்டவும் இல்லை. இரண்டு கையும் கைப்பிடியில், இரண்டு காலும் மணலில், கண் மேட்டில். மூச்சு விடுவது சட்டைக்கு வெளியே தெரிந்தது. டீக்கடையில் அவளைக் கைகாட்டிய ஒவ்வொருவரும் அந்த மேட்டின் மேல் வரிசையாக நின்று பார்ப்பதுபோல் அவளுக்குத் தோன்றியிருக்கும். அவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு வரி அவள் குரலிலேயே அவள் காதில் திரும்ப ஒலித்திருக்கும். சுயம்புவுக்கு மண்ணில் புதைந்துவிடலாம்போல் இருந்தது. உதவியாளர் ஒருவர் குடையை மடக்கினார். அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஜெபக்கனி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாள். வண்டியை நகர்த்தினாள்.

ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. நடை வேகத்தில், இரண்டு காலையும் துடுப்புபோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு ஏறினாள். முதல் வளைவிலேயே விழுந்தாள். எடுத்து நிறுத்தி ஏறினாள். அதே இடத்தில் மறுபடி விழுந்தாள். சுயம்பு தூக்கிவிட ஓடினார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள், முகத்தைப் பார்க்காமல். நான்காவது முறை வேறு ஒன்று செய்தாள். கை தயங்கும் என்பதை ஒப்புக்கொண்டு, வளைவு வருவதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை முறுக்கிவைத்துக்கொண்டு, உடம்பை இடப்பக்கம் தொங்கவிட்டுத் திரும்பினாள். முன்சக்கரம் மூழ்கவில்லை. உச்சிக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று.

அதற்குள் நிலோபர் மற்ற பத்துக் காப்பாளர்களையும் போனில் அழைத்திருந்தார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். உங்கள் வண்டியில் எத்தனை? முதலில் பூஜ்யம்தான் என்றார்கள். பிறகு எண்கள் வந்தன. பத்தொன்பது. நாற்பது. இருபத்தாறு. ஒருவர் மனைவிக்குச் சத்தியம் செய்துகொடுத்ததால் என்றார், அவர் வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய மைத்துனர். ஒருவர் எண்ணைச் சொல்லாமல் அழுதார். பதினொரு பேரும் ஆளுக்கொரு நல்ல காரணத்துக்காகத் தனித்தனியே அதே காரியத்தைச் செய்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பூஜ்யத்தில் ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. காலை பத்தே காலிலிருந்து ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே மலைக்கும் களிமண்ணுக்கும் ஆற்றுப் படுகைக்கும் சேர்த்து, மனிதக் கை மட்டுமே ஓட்டியதாக மாநிலத்தின் கையில் இருந்தது அந்த நாற்பது நிமிடம். பழைய நடைகளை எல்லாம் அழித்துவிட்டு அதிலிருந்தே புதிய நடையைக் கட்டினார்கள். இப்படியொரு ஊழல் வெளிவந்த பிறகு ஆய்வகம் ஒரு சட்டத்தையும் போட்டது. மூலப் பதிவில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு விநாடியைக்கூட வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.

அதனால் இப்போது நான்கு லட்சம் வண்டிகளும் ஏற்றத்தின் அடியில் வந்ததும் நிற்கின்றன. நாற்பத்தேழு விநாடி. மோட்டார் உயிரோடு இருக்கும், வண்டி மட்டும் அசையாது. பிறகு தானாக மெல்ல ஏறும். முதலில் ஜனங்கள் பெட்டியை அடித்தார்கள், மெக்கானிக்கைத் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் மேட்டடியில் வரிசையாக நின்று வெற்றிலை போட்டுக்கொள்கிறது. நிற்கிற நேரத்தில் மேட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? பார்த்தார்கள். யாரும் விழுவதில்லை.

யாரும் விழாததால் ஆய்வகம் அதற்கு முன்னாய்வு நிறுத்தம் என்று பெயர் வைத்துவிட்டது. ஏறுவதற்கு முன் நிலத்தைப் பொறுமையாகப் படிக்கும் மூல ஓட்டியின் அரிய திறன் என்று அறிக்கை சொல்கிறது. அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் நிலோபரும் ஒருவர். உண்மையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அப்படி ஒரு கட்டமே படிவத்தில் இல்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வில்கூட ஒரு கேள்வி வந்துவிட்டது. ஏற்றத்தின் அடியில் வண்டி ஏன் நாற்பத்தேழு விநாடி நிற்கிறது? சரியான விடை: சரிவை அளப்பதற்காக.

சுயம்புவிடமிருந்து சேவைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடன்குடியில் ஒரு கடையில் ஊர் வண்டிகளுக்குச் செயின் மாட்டுகிறார். தினமும் வேலைக்குப் போகிற வழியில் ஐந்து மேடுகள். ஐந்து இடத்திலும் அவர் வண்டி நிற்கும். மற்றவர்கள் கதை பேசும் அந்த நேரம் என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரு மனுஷி அவமானத்தில் அசைய முடியாமல் உட்கார்ந்திருந்ததை ஒரு நாளைக்குப் பத்து முறை உட்கார்ந்து அனுபவித்துவிட்டுத்தான் அவர் வீடு வந்து சேர வேண்டும். வண்டியை விட்டு நடந்துபோகலாம் என்றும் நினைத்தார். அது தப்பித்து ஓடுவதுபோல் இருந்ததால் நடக்கவில்லை.

ஜெபக்கனி இன்னும் மூல ஓட்டிதான். பெட்டி இல்லாத மொட்டை வண்டி. அதனால் அவள் வண்டி எங்கும் நிற்பதில்லை. மேட்டடியில் நிற்கும் சுயம்புவை எட்டு மாதமாக அவள் கடந்து போய்க்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பியதில்லை. ஓட்டம் தேறிவருவதை அவர் பின்னாலிருந்து பார்த்தார், உடம்பு இடப்பக்கம் தொங்கும் அந்தப் புது முறை அழகாகக்கூட இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு காலை, மூன்றாவது மேட்டடியில் அவர் வண்டி நின்றது. பின்னால் அவள் வண்டிச் சத்தம் கேட்டது. கடந்து போகும் என்று காத்திருந்தார். போகவில்லை. நிறுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லாத அந்த வண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றது. அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். மேட்டைத்தான் பார்த்தாள்.

"மொத்தம் எம்புட்டு நேரம் அண்ணாச்சி இது?"

"நாப்பத்தேழு செகண்டு," என்றார் சுயம்பு.

"அவ்வளவுதானா?" என்றாள் ஜெபக்கனி. "எனக்கு அது இன்னும் முடியல."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நேரம் ஆகிவிட்டது, வண்டி நகர ஆரம்பித்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். பங்கு தொண்ணூறில் இருந்தது. ஏற்றத்தைக் கண்டு மிரளும் ஒருவரின் பயம் என்று அதை எடுத்துக்கொண்டு, வண்டி அவரை மெல்ல, பத்திரமாக மேலே கொண்டுபோயிற்று.